தகரத்தில் அடித்த கொழுந்து

பாய்,

காலையிலிருந்து என் விரல்களில் தகர வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாடையோடு உங்கள் சிரிப்பும் வந்துவிட்டது, எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. இவ்வளவு எழுதுவதற்குள் பாலில்லாத தே ஓ ஆறிவிட்டது. ஆறட்டும், எனக்கென்ன அவசரம்?

மண் சரிந்து நம் எஸ்டேட் ரோடு மூடிப்போன அந்த மழைக்காலம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நம் சம்பளம் பேங்கில் இருந்தது, பேங்க் தானா ராத்தா டவுனில் இருந்தது, நாம் சரிவுக்கு இந்தப் பக்கம் இருந்தோம். யார் கையிலும் காசில்லை. என் மகள் கல்யாணமோ அந்த வாரம். அவள் அம்மா நோயில் படுத்ததால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். மாப்பிள்ளை கீழ் லயத்துப் பையன், நடந்தே வந்துவிடுவான். வருகிறவர்களுக்குப் பந்தி போடத்தான் வழியில்லை. இன்னொரு முறை தள்ளினால் அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று உங்கள் கடையில் உட்கார்ந்து புலம்பினேன்.

ரொட்டி வீசிக்கொண்டே கேட்டீர்கள். கையைத் துடைத்துவிட்டு ஒரு காலி பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்தீர்கள்.

“பட்டறையில வேலை செய்யிறீங்க. இதுல காசு வெட்ட முடியாதாண்ணே?”

நான் வெட்ட வேண்டும், நீங்கள் பொறுப்பு. ஒரு தகரம் ஒரு ரிங்கிட். அதைக் கொண்டுவருகிறவர்களுக்கு உங்கள் கடையில் அரிசி, சீனி, பருப்பு. ரோடு திறந்ததும் நல்ல பணம். எனக்குச் சம்பளம் கைக்கு வந்ததும் உங்களிடம் கட்டிவிட வேண்டும்.

உங்கள் காசுதான் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டுமே. எனக்கோ எழுத்து தெரியாது. உளியால் மூன்று வெட்டுப் போட்டேன்: இரண்டு இலை, நடுவில் மொட்டு. நீங்கள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“என்னண்ணே, என் கடைக் காசுல சூலத்தை அடிச்சிட்டீங்க?”

“சூலம் இல்ல பாய், கொழுந்து.”

“சரி, பள்ளிவாசல்ல கேட்டா அப்படியே சொல்லிக்கிறேன்.”

காய்கறி வேண்டும் என்று சரிவுக்கு இந்தப் பக்கம் இருந்த சீன முதலாளி தவுக்கேயின் தோட்டத்துக்குப் போனோம். லோரி வராமல் அவர் முட்டைக்கோஸ் குவிந்து கிடந்தது. ஆனாலும் தகரத்தைக் கடித்துப் பார்த்தார். இவர் மறுத்தால் வேறு யாரும் வாங்கமாட்டார்கள். நாளைக்கு நீ ஓடிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று மலாயில் உங்களைக் கேட்டார். நீங்களும் மலாயில், முகம் மாறாமல் சொன்னீர்கள்:

“எப்படிலா ஓடுவேன்? ரோடுதான் இல்லையே.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் என் மகளின் கல்யாணம் நடந்துவிட்டது, பாய். கோஸ், பீன்ஸ், தக்காளி என்று கூடை கூடையாகக் கொடுத்தார். அவர் வாங்கிய தகரம் உங்கள் கடைக்கு வந்தது. அங்கிருந்து கோழிக்காரரிடம் போனது. பூக்கட்டிய பெண்களிடம் போனது. கல்யாணத்தன்று மொய்த் தட்டிலும் அதுவே விழுந்தது. தட்டில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். உங்கள் பங்குக்கு நீங்களும் ஒன்று போட்டுவிட்டு, “என் காசெல்லாம் ஊர் சுத்திட்டு உங்க வீட்டுக்கே வந்துருச்சு” என்றீர்கள்.

ரோடு திறந்ததும் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தீர்கள். நீங்கள் போட்ட அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. “அது நான் வச்ச மொய். எங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் திருப்பணும்.”

நாளைக்கு உங்கள் பேத்திக்கு நிக்காஹ், அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம். நீங்கள் இல்லை என்று உங்கள் மகனே வீடு தேடி வந்து அழைத்தான். நூறு ரிங்கிட்டோடு உங்கள் தகரக் காசை வைத்து நூற்றொன்றாகக் கவரை ஒட்டிவிட்டேன். இத்தனை காலம் கவரில் என் பெயரை யாராவது எழுதித் தருவார்கள். இன்று நானே எழுதினேன். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, ஆனாலும் என் பெயர்தான்.

இத்தனை வருஷம் அந்தக் காசு கிடந்த சட்டைப் பை வெறுமையாக இருந்தது. காலையில் பிஸ்கட் டின் மூடியை எடுத்து இன்னொன்று வெட்டினேன். இம்முறை கொழுந்து இல்லை. உங்கள் பெயரின் முதல் எழுத்தை உளியால் அடித்தேன். சுழி வளைவதற்குள் பகலாகிவிட்டது. இப்போது அது என் கடனாக என் பையில் இருக்கிறது. நான் எங்கும் ஓடவில்லை, பாய். ரோடு திறந்துதான் கிடக்கிறது.