நீங்கள் சொல்லாமல் விட்ட பாதி

ஹனோவர், மார்ச் 1987

அன்புள்ள ஐயாவுக்கு,
உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

பல்கலைக்கழக நுழைவுக்கான வாய்மொழிச் சோதனையில் தேறிவிட்டேன்! ருஷ்யப் புரட்சியைப் பற்றித்தான் கேட்டார்கள். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற பெண்கள் தெருவில் இறங்கியதையும் ஜார் முடி துறந்ததையும் நீங்கள் மே தின மேடையில் முழங்குவதுபோலவே சொன்னேன். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். சனங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையை உங்கள் போல்ஷெவிக்குகள் ஒரே நாளில் பூட்டினார்கள்; பிறகு கட்சியே சிம்மாசனத்தில் ஏறிக்கொண்டது.

"கொப்பர் கேட்டால் உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டார்" என்று அறையில் கூட இருக்கும் குணசேகரம் அண்ணை சிரிக்கிறார்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அனுப்பும்போது உங்கள் மறுப்பையும் நீளமாக எழுதி வையுங்கள். இங்கே நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார்கள். சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை.

உங்கள் மகன்,
சிவநேசன்