இனா என்ற சொல்

பனாய் அண்ணி, கடல் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தவரே,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. உங்கள் மகள் நகாவுக்கு இப்போது எட்டு வயது. மைக்ரோவேவ் கூவினால் அதற்கு மேலே இன்னொரு சுரம் பிடித்துப் பாடுகிறாள். கோயிலில் ஓர் அன்ரி அவள் பெயரைக் கேட்டுவிட்டு, "நாகம்மாவோ? நல்ல பழைய பேர்," என்றார். தைவானின் கிழக்குக் கரையில் வாழும் அமி பழங்குடியினரின் பெயர் அது என்று விளக்க நினைத்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை. நகாவ்தான் சொன்னாள்: "இல்லை அன்ரி, இது அம்மாவின்ரை ஊர்ப் பேர்."

இப்போது எழுதக் காரணம் உங்கள் தங்கை டோங்கி. சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் வீடியோவில் வருகிறார். நகாவ் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நான் மடித்த துணிகளோடு வெளியே நிற்பேன். உங்கள் மொழியில் அவர் ஒரு வரி பாட, இவள் பதில் பாடுவாள். நல்லதுதான். ஆனால் பிள்ளையின் தலைச் சுற்றளவு அவருக்கு எதற்கு? பாதத்தின் அளவு எதற்கு? இவ்வளவு காலமும் எங்கே இருந்தார்?

பிறகுதான் விஷயம் வந்தது. ஜூலை விடுமுறையில், அங்கே நடக்கும் அறுவடைத் திருவிழாவுக்கு அவளை அனுப்ப வேண்டுமாம்.

அண்ணா பேக்கரி வேலையால் வந்து கதிரையில் சாய்ந்தபடி, "போகட்டும். தாயின்ரை சனம்தானே," என்றார்.

"போனால் திருப்பி விடுவினமோ?"

"சந்தேகப்படத்தான் யுனிவர்சிட்டிக்குப் போனனியோ?"

குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவளுக்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. ஆனால் அந்தப் பயத்தை எனக்குள் போட்டதே நீங்கள்தான். அமி வழக்கில் பிள்ளைகள் தாயின் வீட்டுக்கே உரியவர்கள் என்று ஒருமுறை குசினியில் சொன்னீர்கள். "முறைப்படி பார்த்தால் உன் அண்ணன்தான் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்க வேண்டும்," என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அது வெறும் பகிடிதானா, அண்ணி?

போன சனிக்கிழமை கதவுக்கு அப்பால் நகாவ் டோங்கியை அந்தச் சொல்லால் அழைப்பது கேட்டது. இனா. உங்கள் மொழியில் அம்மா. அவள் உங்களை மட்டும் அழைத்து நான் கேட்ட சொல். பிள்ளையை எடுப்பதற்கு முன் உங்கள் இடத்தை எடுக்கப் பார்க்கிறாரா? வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டாமல் ஒரு கதவைத் திறந்தேன்.

"அவ உன்ரை இனா இல்லை."

நகாவ் முறைத்தாள். "அம்மாவின்ரை தங்கச்சியும் இனாதான், மாமி. உங்கட அம்மாவின்ரை தங்கச்சியை நீங்கள் என்னெண்டு கூப்பிடுவியள்?"

"சின்னம்மா."

"அப்ப அதுக்குள்ள மட்டும் அம்மா இருக்கலாமோ? சேம் திங்தானே."

கையிலிருந்த துணிகளைக் கட்டிலில் வைத்தேன். என்ன சண்டை என்று திரையில் டோங்கி ஆங்கிலத்தில் கேட்டார். நகாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சிவப்பு ஆட்ட உடையை, தலையணி, காலணியோடு தூக்கிக் காட்டினார். அளவெல்லாம் அதற்குத்தானாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பாட்டுகளுக்குப் பல குரல்கள் வேண்டும். போனில் என் குரல் பிந்தித்தான் வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். ஒருமுறையாவது காத்திருக்காமல் பாட வேண்டாமா?"

"ப்ளீஸ், மாமி," என்றாள் நகாவ், என்னைப் பார்க்காமல்.

அண்ணி, டோங்கியை நம்புகிறேனா? பாதிதான். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. அங்கே ஓர் ஊரே கைகோத்து நின்று அவள் குரலுக்குப் பதில் பாடும். அதைக் கேட்டபின் எங்கள் வீடு அவளுக்குப் போதுமா? டோங்கி பிடித்து வைக்கத் தேவையில்லை. பாட்டே அவளை வைத்துக்கொள்ளும்.

இருந்தாலும் ஜூலையில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் பாடி முடிக்கும்வரை குறுக்கே போய்க் கையைப் பிடிக்க மாட்டேன். திரும்பி வரும் விமானத்தில் அவள் அழுதால், அடுத்த ஜூலையும் கூட்டிக்கொண்டு போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகளின் மாமி,
கௌசி