இன்னிக்கிப் புதுசா என்ன பார்த்தே?

கீழநல்லூர்,
சீர்காழி வழி.
மாசி, 1972.

மதிப்பிற்குரிய தியாகராசன் அவர்களுக்கு,

பூவம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தம்பி கண்ணுசாமியும் மாடு கன்றுகளும் சுகம். சென்னையில் தங்கள் சுகத்துக்கு எழுத வேண்டியது.

கடிதத்தின் முதல் வரியைப் பார்த்ததும் உங்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும். கல்யாணமான நாளாய் உங்களுக்கு நான் 'அவர்களுக்கு' என்று எழுதியதில்லை. வெறும் தியாகராசன் என்றுதான் எழுத வேண்டும் என்று நீங்களே பழக்கினீர்கள். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம் வயல் சம்பா அறுத்தாகிவிட்டது. வைக்கோல் போர் போட்டாயிற்று. அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. கறுப்பு மாடு கிடாரி போட்டிருக்கிறது. சீர்காழியில் என் அண்ணி பிரசவத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். நான் ஊரில் இல்லாத அந்தச் சில நாளில்தான் எல்லாம் நடந்தது. நான் இல்லாத நேரம் பார்த்து நடத்தினீர்கள் என்பதே சரி.

நம் கதையை உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் சொல்கிறேன். சென்னைக்குப் போனபின் உங்களுக்கு மறதி அதிகமாகிவிட்டதாகத் தெரிகிறது.

நம் கல்யாணத்தில் ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டோம். இவள் எனக்கு வேலைக்காரி இல்லை, தோழி, என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்று மேடையிலேயே சொன்னீர்கள். என் அம்மா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் அப்பா பெயர் பழனி. அதனால் அவள் சாகிறவரை பழனி மலையை 'அந்த முருகன் ஊர்' என்றே சொன்னவள். அவள் வயிற்றில் பிறந்த எனக்கு உங்கள் பெயர் எப்படி வாயில் வரும்? தொண்டைக்குள் முள் மாட்டின மாதிரி நின்றது.

நீங்கள் விடவில்லை. தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் நீங்கள் பால் கறப்பீர்கள், நான் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பத்திரிகையில் ஒரு சேதியைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். கடைசியாக நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். இன்னிக்கிப் புதுசா என்ன பார்த்தே? இந்த மூன்றும் ஒரு நாள் தவறக்கூடாது என்றீர்கள். பல் விளக்குகிற மாதிரி வைத்துக்கொள், காய்ச்சல் வந்தாலும் விடாதே என்றீர்கள்.

பெயர் வராமல் நான் நின்றபோது, என்னைப் பார்க்காதே, மாட்டைப் பார்த்துச் சொல்லு என்றீர்கள். மாட்டைப் பார்த்துச் சொன்னேன். அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு ஏதோ தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று தலையைத் திருப்பியது. நீங்கள் சிரித்த சிரிப்பில் செம்பு சரிந்து பால் கொட்டிவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் விட்டது.

கேள்விக்கு முதல் நாள் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஒன்றும் பார்க்காமல் இருந்தாயா என்று கேட்டீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் மதகுக் கல்லில் நத்தை முட்டையிட்டிருந்ததைப் பார்த்து வந்து சொன்னேன். அதற்கப்புறம் களை எடுத்தாலும் சாணி தட்டினாலும் சாயங்காலம் சொல்ல ஒன்று வேண்டுமே என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். வேலை குறையவில்லை. உங்கள் அம்மா ஏச்சும் குறையவில்லை. ஆனால் எனக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது. நான் மனுஷியானது அந்தக் கொட்டகையில்தான். அதை உங்களால்தான் என்று நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. இப்போதும் இல்லை.

கட்சி ஜெயித்து நீங்கள் சென்னைக்குப் போனபின் நான் பழக்கத்தை விடவில்லை. சாணி எடுக்க வரும் கீழத்தெரு வேம்பு, நான் மாட்டுக்குப் பத்திரிகை படிப்பதை வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அப்புறம் அம்சம் வந்தாள். தெருவே வந்தது. வயலிலிருந்து திரும்பி, உலை வைக்கப் போவதற்கு முன் சற்று நேரம். எல்லாருக்கும் ஒரே பாய். என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். நான் உங்கள் பெயருக்குப் பட்ட பாட்டை அவர்கள் அந்த 'அக்கா'வுக்குப் பட்டார்கள். வேம்புவை நம் மாட்டைப் பார்த்துச் சொல்லப் பழக்கினேன்.

உங்கள் கேள்வியையும் கேட்டேன். வேம்பு நெடுநேரம் யோசித்து, இன்னிக்கி யாரும் என்னை வையல அக்கா என்றாள். அது புதுசு, அதனால் சொல்லலாமா என்று கேட்டாள். நான் சொல்லலாம் என்றேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். சபாஷ் என்று பதில் போட்டீர்கள். அந்தக் கார்டை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அம்சம் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அறுவடைக் கூலி பற்றி அரசாங்கம் போட்ட சட்டம் பத்திரிகையில் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவள் அம்சம். பெரியபண்ணை துரைராசு இத்தனை நாளும் அளந்தது அதைவிடக் குறைவு என்று அவர்களுக்கே புரிந்தது. நான் தூண்டிவிடவில்லை. சட்டக் கூலி அளந்தால் இறங்குகிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று கீழத்தெரு சொல்லிவிட்டது. கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாமலும் அவர்கள் பொறுத்தார்கள். பயப்படாதீர்கள், தியாகராசன் இருக்கிறார், சட்டம் கொண்டுவந்ததே அவர் கட்சிதான் என்று நான்தான் தைரியம் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

அப்போதுதான் அண்ணிக்கு வலி கண்டது என்று ஆள் வந்தது. நான் சீர்காழிக்குப் போனேன்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றிப் பாயை விரித்தேன். யாரும் வரவில்லை. நல்ல இருட்டாகும் வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு வரும்போது வேம்பு எதிரே வந்தாள். வரப்பை விட்டு இறங்கி, சேற்றில் நின்று எனக்கு வழி விட்டாள். கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை. நான் கீழத்தெருவுக்கே போனேன். அம்சம் குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்து, எட்டி நின்றுகொண்டு, என்னங்கம்மா என்றாள்.

'அக்கா' போய், பழையபடி 'அம்மா'. நீங்கள் மேடையில் நிறைய வசவு வாங்கியவர். இப்படி ஒன்று வாங்கியிருக்க மாட்டீர்கள்.

அவள்தான் சொன்னாள். நான் போன மறுநாள் கண்ணுசாமி வந்தானாம். எங்க அண்ணி சீர்காழியிலேருந்து சொல்லி அனுப்பினாங்க, கூலி பேசி முடிஞ்சிது, சட்டப்படி அளப்பாங்க, நீங்க நம்பி இறங்குங்க என்றானாம். நீங்க சொன்னதாச் சொன்னதாலதாம்மா இறங்கினோம், வேற யாரு சொல்லியிருந்தாலும் அருவாளைத் தொட்டிருக்க மாட்டோம் என்றாள். முழுக்க அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றினபின் பழைய கூலியையே அளந்தார்களாம். கேட்டதற்குத் துரைராசு, உங்க தலைவர் ஒத்துக்கிட்டதுதான், போய் உங்க வாத்தியாரம்மாவைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு மாட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாராம். நெல்லும் போய்விட்டது, அறுக்க வயலும் இல்லை. இனி எதை வைத்து மறுப்பது?

கண்ணுசாமியைக் கேட்டேன். முதலில் மழுப்பினான். சோறு போடாமல் எதிரே உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் சொன்னான். என்னை ஏன் கோவிக்கிறீங்க அண்ணி, அண்ணன்தான் சொன்னாரு, உன் பேரைச் சொன்னா நம்ப மாட்டாங்க, என் பேரைச் சொன்னா சட்டத்தைக் காட்டுன்னு கேட்பாங்க, உங்க அண்ணி பேரைச் சொல்லு, இறங்கிடுவாங்கன்னு சொன்னாரு என்றான்.

உங்கள் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். என் பெயரை நீங்கள் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் அறுத்தது அவர்கள் கழுத்தை. கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இத்தோடு விட்டீர்களா? அந்த வாரமே பஞ்சாயத்து ரேடியோவில் உங்கள் பேச்சு வந்தது. அன்றாடம் கைக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் கூடிக் கேட்டது. நானும் ஓரமாக நின்றேன். என் மனைவி என்னைப் பெயர் சொல்லி அழைப்பாள், எங்கள் மாட்டுக்கொட்டகையில் உழைக்கும் பெண்கள் தினம் கூடிப் படிக்கிறார்கள், இன்று புதிதாக எதைப் பார்த்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பழக்கம் வேண்டும் என்றீர்கள். குரல் கணீரென்று இருந்தது. சளி இல்லை என்று தெரிந்துகொண்டேன். ரேடியோவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கீழத்தெரு ஆட்களும் அதில் இருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர் நன்றாக இருக்கிறது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

நீங்கள் கண்ணுசாமிக்குச் சொல்லி அனுப்பிய சமாதானமும் வந்து சேர்ந்தது. துரைராசு இப்போது நம் கரை வேட்டி கட்டிக்கொண்டுவிட்டார், அடுத்த தேர்தலில் உங்களுக்குச் சீட்டு வேண்டுமானால் அவர் கை வேண்டும், பெரிய காரியத்துக்காகச் சின்னதை விட்டுக்கொடுக்க வேண்டும், பூவுக்கு இது புரியும் என்றீர்களாம். எனக்கு நன்றாகவே புரிகிறது. படிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் அல்லவா. சின்னது என்று நீங்கள் சொன்னது எது என்றுதான் யோசிக்கிறேன். வேம்பு வீட்டு அடுப்பா, நானா?

நான் மறுபடியும் கீழத்தெருவுக்குப் போய், தெருவில் நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டேன். கண்ணுசாமி என்னைத் தடுத்தான். அண்ணன் மானம் போகும் என்றான். என் மானம் போனபோது எங்கேடா இருந்தாய் என்று கேட்டேன். வேம்புதான் பேசினாள். சொன்னது நீங்க இல்லேன்னு இப்பத் தெரியுதும்மா, ஆனா சொல்லச் சொன்னவரு உங்க வூட்டுக்காரருதானே, அவரு வாயால ஒண்ணும் சொல்லாம நாங்க எப்படி அந்தப் பாயில வந்து உட்காருவோம் என்றாள். அவள் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை.

அதனால் தினம் விளக்கேற்றுகிறேன். பாயை விரிக்கிறேன். பத்திரிகையைக் கன்றுக்குட்டிக்குப் படிக்கிறேன். காய்ச்சல் வந்தாலும் விடாதே என்று சொல்லிக்கொடுத்தவர் மாறிவிட்டார் என்பதற்காக நான் விட முடியாது. கேள்வியை நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். நேற்று, உளுந்துச் செடியில் ஒரு பொட்டுப் பூச்சி உட்கார்ந்திருந்தது என்று சொன்னேன். முந்தாநாள் சொன்ன பதிலை எழுத மாட்டேன். அது உங்களைப் பற்றியது.

நீங்கள் வர வேண்டும். காரில் வேண்டாம், கட்சிக்காரர்களோடு வேண்டாம். சீர்காழியில் பஸ் இறங்கி நடந்து வாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டகைக்கு வாருங்கள். நீங்கள் வந்தால் அவர்களும் வருவதாக அம்சம் சொல்லியிருக்கிறாள். பாயில் உட்கார்ந்து, பூவம்மாள் சொல்லவில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சீட்டு போனால் போகட்டும். அது முடிந்ததும் அவர்கள் உங்களைப் பார்த்து, இன்னிக்கிப் புதுசா என்ன பார்த்தீங்க என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கீழத்தெரு வரைக்கும் கேட்கும்படி. அதுவரை எனக்கு வாய் வராது. முயன்று பார்த்துவிட்டேன், மாட்டைப் பார்த்துக்கூட வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தங்களிடம் தன் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்
பூவம்மாள்