கிணற்றில் குளிர்ந்த விஸ்கி

நேற்றுப் பின்னேரம் மருமகன் குசினியில் நின்று ஏதோ குடிவகை கலந்துகொண்டிருந்தார். துளசி இலையைத் தேசிக்காயோடு சேர்த்து நசுக்கிய மணம் என் அறைவரை வந்தது. உடனே உம்மைக் கூப்பிட்டுக் கதைக்கவேண்டும் போலிருந்தது. நீர் இப்போது உயிரோடு இல்லை என்பது பிறகுதான் நினைவில் வந்தது, சிநேகிதரே.

கப்பலில் குடிவகை கலந்து கொடுக்கும் பார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் நீர். உமது குருநகர் வீட்டில் ஷெல் விழுந்ததும் நீர்வேலிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தீர். கொண்டுவந்தவை ஒரு சூட்கேஸ், ஒரு மாதா படம், உடைக்காத ஒரு விஸ்கிப் போத்தல். "இதுக்கொரு நாள் வரும் ஐசே" என்று போத்தலைத் துணிகளுக்கு அடியில் வைத்தீர்.

அந்த வருடம்தான் என் மனைவி தன் தாயைக் கொழும்பிலிருந்த தமையனிடம் விட்டுவரப் போனாள். திரும்பும்போது கிளாலிக் கடலைப் படகில் கடக்கவேண்டும். வெள்ளிக்கிழமை வெளிக்கிடுவதாக ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தாள். ஞாயிறு காலை, முதல்நாள் இரவு வந்த படகுகளுக்கு நேவியின் துப்பாக்கிச் சூடு விழுந்ததாம் என்ற கதை சந்தைவரை வந்துவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நீர் சோற்றுக் கோப்பையை முன்னால் தள்ளி, "அவ வருவா. கடலைப் பாத்தவன் சொல்லுறன், சாப்பிடும்" என்றீர். அடுத்தடுத்த நாட்களும் அதையேதான் சொன்னீர். பகலில் சைக்கிளோடு எங்கேயோ போய், வியர்த்து விறுவிறுத்து வருவீர். கேட்டால், "சும்மா சந்திக்கு."

ஒரு பின்னேரம் படலை திறந்தது. சேறு அப்பிய சேலையோடு அவள் நின்றாள். வவுனியாவில் ஆமிக்காரர் மறித்து வைத்துவிட்டார்களாம். அதனால் அந்தப் படகில் ஏறவில்லை.

"என்ன, இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் முற்றத்திலேயே குந்திவிட்டேன். நீர் உள்ளே போய்ப் போத்தலை எடுத்துவந்து, வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினீர். மின்சாரமே இல்லாத காலத்தில் ஐஸுக்கு எங்கே போவது? அது குளிரும்வரை மாதுளம்பழம் உதிர்த்துப் பிழிந்தீர். பனங்கட்டியைச் சுடுநீரில் கரைத்தீர். தேசிக்காய் வெட்டினீர். துளசிச் செடிக்கு முன்னால் மட்டும் தயங்கி நின்றீர்.

"தங்கச்சி, சாமிக்கு வைக்கிற இலையெல்லோ. கிள்ளலாமோ?"

"ஓம், கிள்ளுங்கோ அண்ணை. சாமிக்கும் இண்டைக்குச் சந்தோசம்தானே."

எல்லாவற்றையும் பெரிய ஜாம் போத்தலில் விட்டுக் குலுக்கி, மூக்குப்பேணியில் வார்த்து, முதலில் அவளிடம் நீட்டினீர். நான் திகைத்துப்போனேன்.

"கடல் கடந்து வந்த ஆளுக்குத்தான் முதல்" என்றீர்.

அவள் அண்ணாந்து ஒரு மிடறு விட்டாள். இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சர்பத் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். பிறகு பேணியை உம்மிடமே நீட்டி, "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முற்றத்தில் சிரிப்புக் கேட்டது.

அவள் குளிக்கப் போன பிறகுதான் நீர் உண்மையைச் சொன்னீர். "ஒவ்வொரு நாளும் கிளாலித் துறைக்குப் போனனான் ஐசே. வந்திறங்கின சனத்தை ஒவ்வொருத்தராப் பாத்தனான். எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு. நீர் பட்டினி கிடக்கக்கூடாதெண்டுதான் வருவா எண்டனான்." நான் உமது கையிலிருந்த பேணியை வாங்கிக் கீழே வைத்தேன்.

அதன் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் வராமலே போனவர்கள் உண்டு. ஆனால் இவள் வந்தாள். இப்போதும் பக்கத்து அறையில், கறிக்கு உப்புக் காணாது என்று மகளோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. அதில் பாதியைச் சுமந்தவர் நீர்.