நான் போட்ட முடிச்சு

தை 12
நாகல் நகர்ப் பள்ளியில் அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைத்தேன். நாற்பது மணித்துளி உரை. கைதட்டலுக்குக் குறைவில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவி தாஹிரா இரண்டு நரம்பணுக்களைச் செய்து வைத்திருந்தாள். கிளைவிட்ட உடல், வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட வால். ஒன்றின் வால் நுனிக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே விரலளவு வெற்றிடம்; அங்கே ‘சினாப்ஸ்’ என்றோர் அட்டை. கிழித்தேன். “தமிழச்சி கையில் இந்தச் சொல்லா?” என்று கேட்டு, ‘நரம்பு முடிச்சு’ என நானே எழுதினேன். அணுக்கள் அறுந்து கிடந்தன. நடுவே சிந்தியிருந்த சவ்வரிசியை ஊதித் தள்ளி, என் மாலையிலிருந்து நார் உருவி இரண்டையும் கட்டினேன். “பிரிந்தது சேரட்டும்!” மறுபடியும் கைதட்டல்.

“ஐயா, அது வந்து...” என்றாள். அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

தை 13
நல்ல உரை என்று பத்துப் பேர் அழைத்துச் சொன்னார்கள்.

தை 16
அறிவியல் ஆசிரியை கௌசல்யா அழைத்தார். கண்காட்சியன்று பிற்பகல் வந்த நடுவர்கள், “ரெண்டு செல்லுக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும்மா. நீ கட்டி வச்சிருக்க, அடிப்படையே தப்பு” என்று தாஹிராவை ஒதுக்கிவிட்டார்களாம். மாவட்டப் போட்டிக்கு வேறொருத்தி போகிறாள்.

“யாரு கட்டுனதுன்னு அவ வாயத் தொறக்கலைங்கய்யா. இன்னைக்குத்தான் மத்த பிள்ளைக சொல்லுச்சுக.”

ஏன் சொல்லவில்லை? என்மேல் அவ்வளவு அச்சமா?

தை 17
மனைவி சிவனம்மாளிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக என் உரைகளைக் கேட்டுச் சலித்தவள். “ஊருக்கெல்லாம் அம்புட்டுப் பேசுறீங்க. அந்தப் புள்ள செத்த நேரம் பேச வந்தப்ப காது எங்க போச்சு?”

கௌசல்யாவை அழைத்து, எந்தப் பாடநூல் என்று கேட்டுக்கொண்டேன்.

தை 19
பாடநூலை வாங்கிப் படித்தேன். மின்துடிப்பு நீண்ட வாலில் ஓடி நுனிக்கு வந்து நின்றுவிடுகிறது. அங்கே நுண்பைகள் திறந்து வேதிப்பொருள் அந்த வெற்றிடத்தில் கசிகிறது. அக்கரை அணு அதை ஏற்ற பிறகே செய்தி தொடர்கிறது. அந்த வேதிப்பொருள்தான் — சவ்வரிசி.

நான் ஊதித் தள்ளியது.

கழுத்து நரம்பு புடைக்கப் பேசுபவர் என்று சுவரொட்டியில் போடுவார்கள். புடைப்பது குருதிக்குழாய், நரம்பன்று. இதுகூடத் தெரியாமல் சொல்லுக்குக் காவல் நின்றிருக்கிறேன்.

தை 21
பள்ளிக் காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கி கேட்டு நின்றேன். கட்டியவன் நான், கெடுத்தவன் நான் என்றேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, கை உயர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சீ! மன்னிப்பையும் உரையாக்கிவிட்டேனே. தாஹிரா கைதட்டவில்லை.

தை 22
நடுவர்களுக்கு மடல். நான்கு வரி. அடைமொழி ஒன்றுமில்லை.

தை 28
மறுமொழி வந்தது. பட்டியல் போய்விட்டது, மாற்ற இயலாதாம்.

மாசி 3
தாஹிராவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

“பேசுறதா இருந்தா வெளியவே பேசிட்டுப் போகச் சொல்லுங்கன்னு அத்தா சொல்லுச்சுங்கய்யா.”

“பேச வரலம்மா.”

உள்ளே விட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்த அணுக்கள் வேண்டுமாம். “முடிச்சு இறுகிப்போச்சு. நீங்களே அவுத்துருங்க.”

நார் காய்ந்து கம்பியாகியிருந்தது. அரை மணி நேரம் நகத்தால் நெருடி அவிழ்த்தேன். எதிரே அமர்ந்து அவள் சவ்வரிசியை ஒவ்வொன்றாக ஒட்டியபடி, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டேன்.

வெற்று அட்டையை நீட்டினாள். எழுதுகோலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

‘சினாப்ஸ்’ என்று எழுதினாள். பிழையில்லை.