இறுகாத மஞ்சள் நூல்

உனக்குத்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

காலையில் முட்டை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டேன். முட்டையோடு ஒரு நூலும் வந்தது. மஞ்சள் போய், அழுக்கேறி, இற்று விழுந்த நூல். நீ கட்டியது. முட்டையின் சூடு அதிலும் இருந்தது.

உன் வயிற்றில் கட்டி என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்ன வாரம்தான் நம் கருங்கோழி குஞ்சு பொரித்திருந்தது. பஸ் பிடித்து மலையேறினோம். வீட்டுக்கு வந்ததும் சாம்பல் நிறக் குஞ்சு ஒன்றை எடுத்தாய். அதன் காலில், வளர இடம் விட்டு, மஞ்சள் தடவிய நூலை முடிந்தாய். உடம்பு தேறினால் இந்தச் சேவலை அறுத்துப் பொங்கல் வைக்கிறேன் என்று எல்லைச் சாமிக்கு நேர்ந்துகொண்டாய்.

"சேவல்னு இன்னாத்த கண்ட? இன்னும் ரெக்கையே மொளைக்கல" என்றேன்.

"நிக்கிற நிப்ப பாருய்யா. கை தட்டினா மத்ததுங்க பதுங்குது. இது தலைய தூக்கிக்கினு பாக்குது."

"உன்ன மாதிரி வாய் ஜாஸ்தியா கத்துது. பெட்டதாம்மே."

சிரித்தாய். அப்போது அது விளையாட்டுப் பேச்சு.

கூடப் பிறந்த சேவல் குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்தது. கழுத்தில் கூரான இறகு வந்தது. இதற்குக் கொண்டை வெளிறிக் கிடந்தது, இறகு நுனி வட்டமாகவே வளர்ந்தது. ஒவ்வொரு தரமும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடையைத் தூக்கிப் பார்ப்பாய். சேவலென்றால் கால் தடிக்கும், நூல் இறுகும், அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும் என்று காத்திருந்தாய். நூல் காலில் மேலும் கீழும் ஓடியது. உன் கையில் வளையலும் அப்படித்தான் ஓடியது.

"செலதுக்கு கொண்ட லேட்டாத்தான் வரும்" என்றாய்.

"வரும்" என்றேன். அதற்கப்புறம் பெட்டை என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

உன் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "கீழ வடக்கனந்தல்ல நல்லா கூவுற சேவலா ஒண்ணு புடிச்சாறேங்கா. நூல அவுத்து அதுக்கு கட்டு. சாமி இன்னா ஆதார் கார்டா கேக்கப் போவுது?"

நீயும்தான் சிரித்தாய். ஆனால் ஒப்பவில்லை. "இதத்தாண்டா காட்டி சொன்னேன். மாத்துனா எனுக்கு பலிக்குமா?"

ஒரு மத்தியானம் உன் கட்டிலை வேப்பமர நிழலில் போட்டிருந்தேன். கோழி வைக்கோல் மூலைக்குப் போனது. கிளறியது, உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. முட்டையிட இடம் தேடும் கோழியின் கேரல் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

"பெட்டதான்யா. நீ சொன்னதுதான் சரி."

இத்தனை வருஷத்தில் நீ எனக்கு விட்டுக்கொடுத்த ஒரே சண்டை அது. அதன் பிறகு கஞ்சியைத் தொடவில்லை, மாத்திரையையும் தொடவில்லை. அந்த வாரத்திலேயே உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காரியம் முடிந்ததும் உன் தம்பி அந்தக் கோழியைப் பிடித்தான். நூலைப் பார்த்ததும் விட்டுவிட்டான். நேர்ந்துவிட்டதை நாம் தின்னக் கூடாது. பெட்டையைச் சாமி வாங்காது. "சாமிக்கும் ஆவாம சட்டிக்கும் ஆவாம இது ஒண்ணு" என்று வைதான். வீட்டில் நானும் அதுவும் மிச்சம்.

இப்போது சாயங்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. நான் போகிறேன் என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். இரட்டைக் கொம்பு மட்டும் வரவே இல்லை, மேல்சுழியும் கீழ்சுழியும் முட்டிக்கொள்ளும். ஒருநாள் சரியாக வந்துவிட்டது. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

இன்றைக்கு டீச்சர், "அவங்கவங்க வூட்ல இருக்குற ஒண்ண நீங்களா எழுதுங்க" என்றது. சட்டைப் பையில் நூல் இருந்தது. பெட்டை என்றும் எனக்கு எழுதத் தெரியும். இரட்டைக் கொம்பு போட்டு, 'சேவல்' என்று எழுதினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற உன் தம்பி எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா, தெனம் முட்ட போடுது, அது சேவலா?" வகுப்பே சிரித்தது. டீச்சர் அழிக்கத் துணியை நீட்டியது.

வாங்கவில்லை. அதன் கீழேயே இன்னொரு தரம், பெரிதாக எழுதினேன்.

சேவல்.