பாட்டுக் கட்டமும் பாதியில் நிற்காத அம்பாவும்

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்
14-5-1958

அன்பு மகள் ஜோதிமேரிக்கு அம்மா லீமாரோஸ் முத்தம் கொடுத்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே ஒருவருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, உன் அய்யாவுக்கு இருமல் நின்றுவிட்டது, அங்கே நீயும் உன் விடுதிப் பிள்ளைகளும் நோயாளிகளைப் பார்க்கிற இடத்தில் நோய் வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உடம்பைப் பற்றி எழுத அவ்வளவுதான். மனசைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது, அதில் உன் பங்கும் இருக்கிறது, ஆகையால் டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே, உட்கார்ந்து படி.

தம்பி செபஸ்தியான் முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பின வெள்ளைத் துணியில் கால்சட்டை தைத்து, கையில் மெழுகுதிரியோடு அவன் நடந்து வந்ததைப் பார்த்து நானே கொஞ்சம் அழுதேன், வீட்டுக்கு வந்ததும் அதே கால்சட்டையோடு மணலில் புரண்டான், அதற்கும் அழுதேன். சாயங்காலம் வாசலில் ஓலைப் பந்தல் போட்டு விருந்து வைத்தோம். விருந்தில்தான் நீ எழுதின அந்த விளையாட்டை நடத்தித் தொலைத்தேன். ஹவுசி என்று நீ எழுதியிருந்தாய், இங்கே எல்லோரும் பாட்டுக் கட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். எண்ணைக் கூப்பிடுவதற்குப் பதிலாக ஒரு பாட்டைப் போட்டுக் கொஞ்சம் கேட்கவிட்டு நிறுத்த வேண்டும், அந்தப் பாட்டு தன் அட்டையில் இருந்தால் அந்தக் கட்டத்தை மூட வேண்டும், ஒரு வரிசையை முதலில் மூடினவருக்குப் பரிசு, பிள்ளைகள் கூட ஆடலாம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கடைசியில், அம்மா இதை வைத்தால் பேசாதவர்கள் கூடப் பேசிவிடுவார்கள், எங்கள் விடுதியில் அப்படித்தான் நடந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அந்த ஒரு வரிதான் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளியது.

உனக்குத் தெரிந்த கதையையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, வயிற்றெரிச்சல் எழுதினால்தான் ஆறும். நீ நர்ஸ் படிப்புக்குப் பம்பாய் போகிறாய் என்று தெரிந்த அன்றைக்கு உன் பெரியய்யா சவேரியார், கோயில் வாசலில் நாலு பேர் நடுவே, பொட்டப்புள்ளயை ஊர் தெரியாத ஊருக்கு அனுப்பி அந்தச் சம்பளத்துல கஞ்சி குடிக்கப் போறியாலே என்று உன் அய்யாவைக் கேட்டார், உன் அய்யா, நான் பெத்த பிள்ளைக்கு நீ யாரு என்று சொல்லிவிட்டார். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது. அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நிற்கிறது. பேச்சு நின்றால் கூடப் பரவாயில்லை, கரைவலையும் நின்றுபோனது. உன் தாத்தா விட்டுப்போன அந்த வலைக்கு இரண்டு கயிறு, ஒன்றில் பெரியய்யா ஆட்கள் நிற்பார்கள், இன்னொன்றில் உன் அய்யா ஆட்கள் நிற்பார்கள், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலை வராது. இப்போது அது கொட்டகையில் எலிக்கு மெத்தையாகக் கிடக்கிறது. தென்மேற்குக் கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது, இனி தென்கடலில் இறங்க முடியாது, வடகடலில் கரைவலை போட்டால்தான் உண்டு. உன் அய்யா என்னடா என்றால் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தூத்துக்குடிக்குப் போய் சொந்த வலை வைத்திருக்கிற யாரோ ஒரு சம்மாட்டியிடம் கூலிக்குச் சேரப்போவதாகச் சொல்லிவிட்டார். தன் வலையைக் கொட்டகையில் போட்டுவிட்டு இந்த வயசில் அடுத்தவன் வலையை இழுக்கப் போகிறாராம். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும், அதற்கு வாய் வராது.

சரி, உன் விளையாட்டாவது பேசவைக்கட்டும் என்று நினைத்தேன். நீ அனுப்பின அட்டைகளில் பாட்டுப் பெயர் எல்லாம் இங்கிலீசில் இருந்தது, தமிழில் எழுதினால் மட்டும் நம் ஜனம் எல்லோரும் வாசித்துவிடுவார்களா, அதனால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுப் படம் வரைந்தேன். தாலாட்டுக்குத் தொட்டில், மாதா பாட்டுக்குச் செபமாலை, கல்யாணப் பாட்டுக்கு மாலை, கச்சேரிப் பாட்டுக்கு மிருதங்கம், இப்படி. அம்பாவுக்கு ஒரு வலை வரைந்தேன், வலை இழுக்கிற பாட்டு இல்லாமல் நம் கரையில் என்ன விளையாட்டு. பாம்பனில் கடை வைத்திருக்கிற காதர் மைதீன் அண்ணன் தன் கிராமபோன் பெட்டியையும் தட்டுகளையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். இருவருக்கு ஒரு அட்டை என்று சட்டம் வைத்து, உன் அய்யாவுக்கும் பெரியய்யாவுக்கும் சேர்த்து ஒரே அட்டையைக் கொடுத்தேன். எவ்வளவு யோசித்துச் செய்தேன் தெரியுமா. பெரியய்யா, கண்ணாடி கொண்டு வரல, எனக்குப் படம் தெரியல என்று அட்டையை உன் பெரியம்மா வேளாங்கண்ணி மடியில் போட்டுவிட்டுப் பந்தலின் மேற்குக் காலில் சாய்ந்துகொண்டார். உன் அய்யா, செபஸ்தியான் ஆடட்டும் என்று கிழக்குக் காலுக்குப் போய்விட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விளையாட்டு நடந்த லட்சணத்தையும் கேள். கட்டத்தை மூடப் பொட்டுக்கடலை கொடுத்தேன், இரண்டாவது பாட்டு வருவதற்குள் எல்லோரும் தின்றுவிட்டார்கள், எந்தக் கட்டம் மூடியிருந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடலையை வாங்கிக்கொண்டு சோழி கொடுத்தேன். தாலாட்டுத் தட்டைப் போட்டு நாலு வரி கேட்டதும் ஊசியைத் தூக்கினேன், உன் பெரியம்மா, ஏண்டி, பாடுற வாயை ஏன் பொத்துற, பிள்ளை தூங்க வேண்டாமா என்று சண்டைக்கு வந்துவிட்டாள். எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்காமல் விடமாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். காதர் மைதீன் அண்ணன் வேறு, தங்கச்சி ஊசி தேஞ்சிருக்கு, சும்மா தூக்கித் தூக்கி வைக்காதீங்க என்கிறார். மாதா பாட்டு வந்ததோ இல்லையோ பந்தல் முழுக்க எழுந்து நின்றுவிட்டது, பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள், மடியில் வைத்திருந்த அட்டையும் சோழியும் மண்ணில் கொட்டியது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் சிலுவை போட்டுவிட்டு உட்கார்ந்து, யாருடைய சோழி எங்கே இருந்தது என்று அடித்துக்கொண்டார்கள். மாதாவுக்கு எழுந்து நிற்காதே என்று நான் யாரிடம் சொல்ல முடியும். உங்கள் பம்பாயில் இதெல்லாம் நடக்காது போலிருக்கிறது.

அட்டைகளில் மிச்சம் இருந்தது அம்பாதான். அதற்குத் தட்டு கிடையாது, யாராவது பாட வேண்டும். அம்பா ரெண்டு வரி பாடுங்க, கட்டத்தை மூடிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று சொன்னேன். எல்லோரும் மேற்குக் காலைப் பார்க்கிறார்கள், இந்தக் கரையில் முன்பாட்டு உன் பெரியய்யாவுடையதுதானே. அவர், ரெண்டு வரி பாடுறதுக்கு அது சினிமாப் பாட்டு இல்ல, எடுத்தா மீனோட வலைமடி கரைக்கு வரணும், பாதியில விட்டா வலைக்கு ஆகாது என்றார். எனக்கு அப்போதே தலை வெடித்துக்கொண்டிருந்தது. வலையே கொட்டகையில செத்துக் கிடக்கு, இனிமே அதுக்கு என்ன ஆகணும், பாடுங்க என்று சொல்லிவிட்டேன். தம்பி பெண்டாட்டி பேசுகிற பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியய்யா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து நின்று எடுத்தார்.

வடக்கே போன வலையிது என்று அவர் பாடினார். எதிர்க் கயிற்றிலிருந்து ஏலேலோ வர வேண்டும், எதிர்க் கயிறு என்றால் உன் அய்யா. அவர் மண்ணைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்பாட்டு வராவிட்டால் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும், பெரியய்யா அதே வரியைத் திரும்பப் பாடினார், அதற்கும் இல்லை, மறுபடியும் பாடினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி கிழக்குக் காலிலிருந்து ஏலேலோ வந்தது. அவ்வளவுதான், ஆம்பிளைகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் வரிசை கட்டிவிட்டார்கள், கையில் கயிறு இல்லாமல் பாட முடியவில்லையாம், பந்தல் கயிற்றை அவிழ்த்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்பக்கத்து ஓலை சரிந்து பாயசச் சட்டியில் விழுந்தது, நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. வலை எங்கே, கடல் எங்கே, வேர்த்து ஒழுக இழுக்கிறார்கள்.

அம்பாவில் எதிர்ப்பாட்டு மாறாது, முன்பாட்டுக்காரர் மனசில் வருவதைச் சேர்த்துக்கொள்ளலாம். உன் பெரியய்யா மீனைப் பாடினார், காற்றைப் பாடினார், அந்தோணியாரைப் பாடினார். மடி கிட்ட வருகிற நேரத்தில் குரலை இறக்கி, பம்பாய் போன புள்ள, எந்தக் கரையில் நிக்கு என்று பாடினார். ஏலேலோ வரவில்லை. உன் அய்யா வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை, கண் மட்டும் வழிகிறது, அவர் சொல்லாமல் அவர் ஆட்கள் ஒருவரும் சொல்லவில்லை. பெரியய்யா திரும்பவும், பம்பாய் போன புள்ள, எந்தக் கரையில் நிக்கு என்றார். திரும்பவும் இல்லை. இப்படியே நின்றால் விடிந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, நானே ஏலேலோ என்று கத்திவிட்டேன். பொம்பளை ஒருத்தி அம்பாவுக்கு எதிர்ப்பாட்டுச் சொன்னதை இந்தக் கரை பார்த்ததில்லை, பார்க்கட்டும். அதற்கு அடுத்த வரியில், பசிக்குத் தின்னாளோ, பாவி மகள் தூங்கினாளோ என்று பாடினார், அதற்கும் நான்தான் சொன்னேன்.

மடி வந்தாச்சு என்று பெரியய்யா நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். இப்போதாவது பேசுவார்கள் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார், உன் அய்யா பந்தல் கயிற்றைக் கட்டப் போய்விட்டார். ஒருவருக்கொருவர் முகம் பார்த்து அவ்வளவு நேரம் பாடத் தெரிகிறது, சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியவில்லை. யாரும் கட்டம் முடிக்கவில்லை, பரிசுக்கு வாங்கின பீங்கான் கிண்ணம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

இதையும் கேள். திங்கட்கிழமை காலையில் பெரியய்யா கொட்டகையில் உட்கார்ந்து வலையில் எலி கடித்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் போனதைப் பார்த்துவிட்டு மத்தியானம் உன் அய்யா போய் மறு பக்கத்தைத் தைக்கிறார். நேற்றும் அப்படித்தான். ஒரே வலையை ஆளுக்கொரு நேரம் தைக்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது. உன் பெரியம்மாவிடம் போய், இன்னும் என்ன வேண்டுமாம் உன் மனுசனுக்கு என்று கேட்டேன். அவள், அவர் கேட்டதுக்குப் பதில் வரட்டும்னு இருக்காரு என்றாள். என்ன கேட்டார், யாரிடம் கேட்டார் என்றேன். பந்தல்ல அத்தனை பேர் நடுவுல கேட்டாரே, உனக்குக் காது இல்லையா என்று என்னையே திட்டினாள். வீட்டுக்கு வந்து உன் அய்யாவிடம் தூத்துக்குடிப் பயணத்துக்குத் துணி துவைத்து வைக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும், தபால் வரட்டும் பார்ப்போம் என்றார். எந்தத் தபால் என்று நான் கேட்கவில்லை.

ஜோதி, இரண்டு கிழவர்களைத் திட்டி முடித்துவிட்டேன், இனி உன்னைத் திட்ட வேண்டும். எல்லாக் கடிதத்திலும் பெரியய்யா சுகமா, பெரியய்யாவுக்குக் கோபம் தீர்ந்ததா என்று என்னைக் கேட்கிறாய். அவர் பெயருக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாயா. அவர் கேட்டது தப்புதான், உன்னை நாலு பேர் நடுவே இறக்கிப் பேசினார்தான், அதை மனசில் வைத்துக்கொண்டு நீயும் வாயை மூடிக்கொண்டாய், நீயும் அதே வீட்டுப் பிள்ளைதானே. பாட்டில் கேட்ட கேள்விக்கு உன் அய்யாவால் பதில் சொல்ல முடியவில்லை, நான் கத்தினது பதில் ஆகாது, அது உன்னிடம் கேட்ட கேள்வி. எனக்கு எழுத வேண்டாம், உன் அய்யாவுக்கும் வேண்டாம், உறையின் மேல் உன் பெரியய்யா பெயரை, சவேரியார் என்று பெரிசாக எழுது. எந்தக் கரையில் நிற்கிறாய், பசிக்குத் தின்கிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் எழுது, மன்னிப்பு நியாயம் ஒன்றும் எழுதாதே. அவருக்கு வாசிக்க வராது, இந்தத் தெருவில் வாசித்துக் காட்ட ஆம்பிளைகளில் எழுத்துத் தெரிந்தவர் உன் அய்யா ஒருவர்தான்.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு போ, இரவு டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, வெள்ளிக்கிழமை பூசையை விடாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடு, வடகடல் நமக்காகக் காத்திருக்காது. தேவதாய் தன் முந்தானையால் உன்னை மூடிக் காப்பாற்றட்டும், செபஸ்தியானின் புதுநன்மை ஆசீரில் பாதி உனக்கு.

கோபம் தீராத, ஆனால் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
அ. லீமாரோஸ்